பில் போட்ட அன்றே எடுத்து வைக்கும் பணம்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். 2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை, அக்டோபர் 19 அன்று, 15 வேலம்பாளையம் என்ற பகுதியில் இருக்கும் என்னுடைய சிறிய தையல் யூனிட்டில் ஒன்பது பேருக்கும் வாரக் கூலியையும் போனஸையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். காலையில் கரண்ட் அக்கவுண்ட்டில் 1,38,000 ரூபாய் இருந்தது. மாலையில் 3,000 ரூபாய் மிச்சம். யாருக்கும் பாக்கி வைக்காமல் கொடுத்து முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் 20-ஆம் தேதி. செப்டம்பர் மாதத்து ஜி.எஸ்.டி. 10,000 ரூபாயைக் கட்ட வேண்டிய கடைசி நாள் அது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கணக்கில் கிடந்த பணத்தில் அந்தப் பத்தாயிரமும் கலந்திருந்தது என்பதும், அதைத்தான் நான் போனஸாகக் கொடுத்துவிட்டேன் என்பதும் அப்போது உறைக்கவில்லை.

கையில் இருப்பதை முதலில் கட்டுவோம், மீதியைப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தால், ஜி.எஸ்.டி. வலைத்தளம் அதற்கு இடம் தருவதில்லை. 3பி என்ற மாத வரிப் படிவத்தில் காட்டிய வரி முழுவதையும் கட்டினால்தான் படிவத்தையே தாக்கல் செய்ய முடியும். நவம்பர் 29-ஆம் தேதிதான் என்னால் கட்ட முடிந்தது. நாற்பது நாள் தாமதம். நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் 2,000 ரூபாய். ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி 197 ரூபாய். வட்டியைவிடத் தாமதக் கட்டணம் பத்து மடங்கு என்பதைப் பார்த்தபோது, பணம் இல்லாததற்கான தண்டனையைவிடக் காகிதம் போடாததற்கான தண்டனை பெரிது என்று புரிந்துகொண்டேன். ஆடிட்டர் சத்தம் போடவில்லை. "அது உங்க பணமே இல்லீங்கம்மா. கம்பெனி கொடுத்து, கவர்மென்ட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்ன பணம். நீங்க நடுவுல நிக்கிறீங்க, அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தொழில் எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். கம்பெனி துணியை வெட்டி, டி.சி. எனப்படும் டெலிவரி சலான் போட்டு அனுப்பும். நாங்கள் பவர் டேபிள், ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களில் தைத்துத் திருப்பி அனுப்புவோம். துணி அவர்களுடையது, கூலி மட்டுமே எங்களுடையது. ஆகையால் சட்டத்தின் பார்வையில் நாங்கள் பொருள் விற்பவர்கள் அல்லர், சேவை செய்பவர்கள். பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், எங்களுக்கு 20 லட்சத்திலேயே கட்டாயமாகிவிடுகிறது. 2017 ஜூலை 1-ஆம் தேதி இந்த வரி வந்தபோது ஆடை தைக்கும் கூலிக்கு 18 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். நான் அப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். யூனிட் வைத்திருந்தவர்கள் கலங்கிப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆகஸ்டிலேயே ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. அதற்குப் பிறகுதான் சொந்தமாக யூனிட் போடும் துணிச்சல் எனக்கு வந்தது.

ஐந்து சதவீதம் என்பது கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் தையல் கூலியில் பெரும்பகுதி ஆட்களுக்குச் சம்பளமாகப் போகிறது, சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் அதில் எங்கள் வரியில் கழித்துக்கொள்ள வரவு (வாங்கும்போது ஏற்கெனவே கட்டிய வரி) எதுவும் வராது. ஊசி, மெஷின் எண்ணெய், உதிரிப் பாகம் ஆகியவற்றுக்குக் கட்டிய வரிதான் கழிவாகக் கிடைக்கும். துணி வாங்கி விற்கிறவருக்கு வாங்கும்போது கட்டிய வரி, விற்கும்போது வசூலித்த வரியில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும். எங்களுக்கோ அந்த ஐந்தும் ஏறக்குறைய முழுதாகக் கையிலிருந்துதான் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் காலக் கணக்கில் இருக்கிறது. இப்போது என் யூனிட்டில் மாதம் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறோம். அதன்மீது வரி 15,000 ரூபாய். பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். ஆனால் கம்பெனியிலிருந்து பணம் வருவதற்கு அறுபது நாளும் ஆகும், தொண்ணூறு நாளும் ஆகும். வெளிநாட்டு பையர் பணம் அனுப்பவில்லை என்பார்கள். கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது என்பார்கள். அவை பொய்யாகவும் இருப்பதில்லை. சராசரியாக எழுபத்தைந்து நாள் என்று வைத்துக்கொண்டால், எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டரை மாத பில் வெளியே நிற்கிறது. அதில் பெரும்பகுதிக்கான ஜி.எஸ்.டி.யை, இன்னும் கைக்கு வராத பணத்துக்கான வரியை, நான் என் பணத்திலிருந்து முன்கூட்டியே கட்டியிருக்கிறேன். வசூலித்துக் கட்டுவது என்பது பேச்சளவில்தான். நடப்பில் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் வசூலிக்கிறோம்.

இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு நான் செய்த ஒரே பெரிய மாற்றம், வரிக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கியதுதான். கம்பெனியிடமிருந்து பணம் வரும்போது அதில் ஐந்து சதவீதத்தை ஒதுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பலிக்கவில்லை, பணம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய தேதி வந்துவிடுகிறது. அதனால் பில் போடுகிற அன்றே, அந்த பில்லில் எழுதிய ஜி.எஸ்.டி. தொகையை, வேறு எந்த பில்லுக்கான பணம் கையில் இருக்கிறதோ அதிலிருந்து எடுத்து அந்தத் தனிக்கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்கவில்லை, போனில் பணம் அனுப்பும் செயலியிலும் அதைச் சேர்க்கவில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆள் சம்பளத்துக்கு நாலாயிரம் குறைகிறது என்றால் கை தானாக அங்கேதான் போகும் என்பது என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயம்.

எங்களைப் போல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் போட்டால் போதும் என்ற திட்டம் 2021 ஜனவரியில் வந்தது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்குச் சலான் மூலம் வரியை மட்டும் 25-ஆம் தேதிக்குள் கட்டிவிட்டு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ஆம் தேதிக்குள் படிவத்தைத் தாக்கல் செய்கிறோம். வேலை குறைந்தது உண்மைதான், ஆனால் கம்பெனிகள் மூன்று மாதம் பொறுத்திருக்காது. நான் என் பில்லை வலைத்தளத்தில் ஏற்றினால்தான் அது அவர்களுடைய 2பி பட்டியலில் தெரியும். தெரிந்தால்தான் அந்த வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியும். ஆகையால் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி காலையிலேயே போன் வந்துவிடும். "அக்கா, உங்க பில்லு இன்னும் ஏறலீங்க. நாளைக்குக் கடைசிங்க. ஏத்தலைன்னா பேமென்ட்டை நிறுத்தி வைக்கச் சொல்றாங்க" என்று அக்கவுண்ட்ஸ் பையன் சொல்லுவான். காலாண்டுத் திட்டத்தில் இருப்பவர்களும் முதல் இரண்டு மாதத்து பில்களை 13-ஆம் தேதிக்குள் ஏற்ற வழி இருக்கிறது என்பதை நான் அவனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இடையில் 2024 அக்டோபர் 10 முதல் வாடகையும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர் பதிவு உள்ளவர் என்றால், வணிகக் கட்டடத்து வாடகைக்கான 18 சதவீத வரியை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். என் யூனிட்டுக்கு வாடகை 14,000 ரூபாய். வரி 2,520 ரூபாய். இதைக் கையில் இருக்கும் வரவில் கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதையே வரவாக எடுத்து, தையல் கூலிக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகக் கடைசியில் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடும் வேலைதான், ஆனால் எழுத மறந்தால் வட்டி உண்டு. இதைக் கட்டட உரிமையாளரிடம் விளக்க முயன்றபோது, அவர் வாடகையில்தான் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்து முகம் சுளித்தார். இன்றுவரை அவருக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி வருமான வரி. இங்கே என் அனுபவம் நேர்மாறானது. கட்ட வேண்டியதைவிட அதிகமாகக் கட்டிவிட்டுத் திரும்பி வாங்குவதற்காக அலைந்திருக்கிறேன். கம்பெனிகள் எங்கள் கூலியில் தனிநபர் உரிமையாளர் என்றால் 1 சதவீதத்தை டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியாகப் பிடிக்கின்றன. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலும், ஆண்டு முழுவதும் சேர்த்து 1 லட்சத்தைத் தாண்டினாலும் பிடிக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு 36 லட்சம் பில் என்றால் 36,000 ரூபாய் இப்படிப் போகிறது. ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டிய பில்லில் அதற்கு முந்தைய தொகையின் மீதுதான் பிடிக்க வேண்டும் என்று 2017-இலேயே வருமான வரித்துறை சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. 1,05,000 ரூபாய் பில்லில் பிடிக்க வேண்டியது 1,000 ரூபாய். 1,050 பிடித்தால் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். ஐம்பது ரூபாய்க்காகப் போன் செய்கிற அம்மா என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பிடித்த பணம் நம் பெயரில் வரவு ஆகியிருக்கிறதா என்பதை வருமான வரித்துறையின் 26 ஏ.எஸ். என்ற பட்டியலில் பார்க்க வேண்டும். ஒரு ஆண்டு அதில் 36,000-க்குப் பதில் 29,400 ரூபாய்தான் இருந்தது. மீதி 6,600 ரூபாயைத் தேடியபோது, ஒரு கம்பெனி தன்னுடைய காலாண்டு அறிக்கையில் என் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தது தெரியவந்தது. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்தாக இருக்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நம்மூரில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. என் எண்ணிலும் அப்பாவின் எழுத்துதான் இருக்கிறது. அந்தக் கம்பெனியில் புதிதாக வந்தவர் அதை என் பெயரின் எழுத்தாக மாற்றி அடித்துவிட்டார். திருத்த அறிக்கை போடச் சொல்லி நான்கு மாதம் நடந்தேன். அறிக்கையைத் திருத்துவது பிடித்தவர் கையில்தான் இருக்கிறது. நமக்குக் கேட்கும் உரிமை மட்டும்தான். அதன் பிறகு ஆண்டு முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. கம்பெனிகள் தங்கள் அறிக்கையைத் தாக்கல் செய்யும் கெடுத் தேதிகளான ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 ஆகியவை கழிந்து பத்து நாளில் பட்டியலைத் திறந்து, என் பில் நோட்டுடன் வரிவரியாக ஒப்பிட்டுவிடுகிறேன்.

எவ்வளவு லாபம் காட்டுவது என்ற கேள்விக்குத்தான் நான் மிக அதிகமான விலை கொடுத்தேன். சிறுதொழில் செய்பவர்கள் விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக ஒப்புக்கொண்டு வரி கட்ட, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44 ஏ.டி. என்ற பிரிவு வழிசெய்தது. வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம், ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம். அதற்கான படிவத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'சுகம்'. சுகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம்; அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் கூடுதலானதையே காட்ட வேண்டும் என்று அதே பிரிவு சொன்னது. எங்கள் வட்டாரத்தில் அந்த வாக்கியத்தைப் படித்தவர்கள் குறைவு. நானும் எல்லோரையும் போல 28 லட்சம் விற்றுமுதலுக்கு 1,68,000 ரூபாய் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

2022-இல் இரண்டு பிளாட்லாக் மெஷின் வாங்க 4 லட்சம் ரூபாய்க் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் என் கணக்குத் தாக்கலை மேசைமேல் விரித்து, கால்குலேட்டரில் தட்டி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் 14,000 என்று இருந்தது. "மாச வருமானம் இதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. இதுல வீட்டுச் செலவு போகத் தவணை எப்படிம்மா கட்டுவீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டு எனக்கு உண்மையில் நின்ற லாபம் நாலரை லட்சத்துக்குப் பக்கம். அதை அப்படியே காட்டியிருந்தாலும், 5 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு அன்றைக்கு இருந்த வரித் தள்ளுபடியால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருந்திருக்காது. இல்லாத வரிக்குப் பயந்து இருக்கிற வருமானத்தை மறைத்திருக்கிறேன். மெஷின்களைப் பிறகு தனியார் பைனான்ஸில், வங்கியைவிட மிக அதிக வட்டிக்கு வாங்கினேன்.

இப்போதைய நிலவரம் இன்னும் எளிது. புதிய வரி முறையில் 2023-24 முதல் 7 லட்சம் வரையும், 2025-26 முதல் 12 லட்சம் வரையும் வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது என்பது ஒரு குறைதான். ஆனாலும் ஆறரை லட்சம் சம்பாதிக்கும் ஒரு யூனிட்காரர் அதை அப்படியே காட்டினால் வரி இல்லை, பிடித்த டி.டி.எஸ். 36,000 ரூபாயும் முழுதாகத் திரும்பி வரும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். "எனக்குத்தான் வரியே இல்லையே, நான் எதுக்குங்க தாக்கல் பண்ணணும்?" என்று கேட்டுக்கொண்டு ஆண்டுதோறும் இப்படிப் பணத்தை விட்டுக்கொடுக்கும் இரண்டு பேரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

கம்பெனிகள் பணம் தாமதிப்பதற்குச் சட்டம் ஒரு மருந்தும் கொடுத்திருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு உள்ள குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். யாரும் பொருட்படுத்தவில்லை. 2023-24 நிதியாண்டு முதல், அப்படிக் கெடு தாண்டிய தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தார்கள். உடனே எல்லாக் கம்பெனியும் உத்யம் சான்றிதழைக் கேட்டு வாங்கின. அந்த எண்ணை பில்லில் போடாமல் இருக்க முடியுமா என்று நயமாகக் கேட்டவர்களும் உண்டு. அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வருமான வரியில் பாதிப்பு இல்லை என்பதால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் பழைய எழுபத்தைந்து நாள்தான். மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் பழைய பாக்கியெல்லாம் மடைதிறந்த வெள்ளமாக வந்து சேர்கிறது. நான் ஆண்டின் பெரிய செலவுகளை ஏப்ரலுக்குத் தள்ளி வைப்பதற்குக் காரணம் அதுதான்.

இடைப்பட்ட மாதங்களில் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்காமல் தீராது. உறவுக்காரர்தானே என்று நோட்டுக் கட்டாக வாங்கிவிடுகிறோம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக்கூடாது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்க இடமுண்டு. என் நாத்தனாரிடம் 50,000 ரூபாய் கேட்டபோது, பணத்தை எடுத்துக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பி, வங்கி மூலம் அனுப்பச் சொன்னேன். "எங்கிட்டயே உனக்குக் கணக்கா?" என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

பக்கத்து வீதியில் ஐந்து மெஷின் போட்டு நடத்தும் ஒரு பெண் போன வாரம் தன் பில் நோட்டுடன் வந்திருந்தாள். ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா என்று கேட்டாள். ஏப்ரலிலிருந்து அவள் போட்ட பில்களை இருவரும் உட்கார்ந்து கூட்டினோம்: 18,40,000 ரூபாய். இந்த மாதம் அவள் போடப் போகும் பில் 1,70,000. கூட்டிப் பார்த்துவிட்டு அவளே அந்த 20,10,000-ஐப் பென்சிலால் வட்டமிட்டாள். அந்த பில்லுடன் வரம்பைத் தாண்டுகிறாள். அன்றிலிருந்து பதிவுக்கு முப்பது நாள்தான் அவகாசம். பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் வங்கியில் இரண்டாவது கணக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.